நாலு அட்டைக்காரன்

வண்டலூரைத் தாண்டி கேளம்பாக்கம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பொன்னாடை. உடம்பில் மடிப்புக் கலையாத புதுச் சட்டை. காலருக்குள் வைத்த அட்டையை எடுக்க நேரம் இல்லாததால் அது கழுத்தைக் குத்திக்கொண்டே வந்தது. மார்பில் நாடாவில் தொங்கிய அடையாள அட்டையில் என் படத்துக்குக் கீழே ‘பயனாளி 1’ என்று போட்டிருந்தது. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டரை தாண்டியிருக்கும். ஒரு மணிக்குள் கேளம்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கோடவுன் வாசலில் நான் நிற்க வேண்டும். நின்றால் வேலை. வேலையோடு ஓர் அறை. அந்த அறைக்கு உள்ளிருந்து போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாள். நிற்காவிட்டால் ஒன்றும் இல்லை.

பேருந்துக்கு வைத்திருந்த காசு என் பழைய சட்டைப் பையில் இருந்தது. பழைய சட்டை, பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் இருந்தது. மணமகள் அறை பூட்டி இருந்தது. என் சட்டை அங்கே எப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமானால், நாலு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எனக்கு உதவி செய்ததைச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்திருக்கிறேன், கேபிள் இழுத்திருக்கிறேன். தாம்பரம் பக்கம் வந்தது கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் ஆட்களோடு. அவர்கள் அடுத்த வேலைக்குப் போனபோது எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது அவர்கள் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் பெருங்களத்தூரில் தங்கினேன்.

அந்த மண்டபம் இருக்கும் இடம் முன்பு நெல் வயல். வயல் வைத்திருந்த குடும்பம்தான் இப்போது மண்டபம் வைத்திருக்கிறது. குடும்பத்தின் பெரியவர், நாங்கள் மண்டபக்காரர் என்போம், அப்பா நினைவாக ஓர் அறக்கட்டளை தொடங்கி, கல்யாணம் இல்லாத நாட்களில் வீடில்லாதவர்கள் உள்ளே படுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். ஆண்களுக்குக் கீழே சாப்பாட்டுக் கூடம், பெண்களுக்கு மாடியில் கல்யாணக் கூடம். கல்யாண நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் பாயைச் சுருட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ போய்விட வேண்டும். ஆக, எங்களுக்கு வீடு உண்டா இல்லையா என்பதைப் பஞ்சாங்கம் முடிவு செய்தது. நாட்காட்டியில் ஊரே நல்ல நாள் தேடும்போது நாங்கள் இருபது பேர் கரிநாள் தேடினோம். ஆடி மாதம் முழுக்க எங்களுக்குச் சொந்த வீடு. மார்கழியும் அப்படித்தான் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள்.

என் பக்கத்துப் பாய்க்காரர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு காலை இழுத்து நடப்பார். அவருடைய மனைவி அடுக்குமாடி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்துகொண்டு மாடியில் படுத்தார். கல்யாணமாகி இருபது வருஷமான புருஷனும் பெண்டாட்டியும், கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு தளம். விளக்கணைக்கும் முன் அவர் படிக்கட்டுக்குக் கீழே நின்று, “சாப்ட்டியா” என்பார். மேலேயிருந்து, “ஆச்சு” என்று வரும். அவ்வளவுதான் குடித்தனம்.

படுக்க இடம் மண்டபக்காரர் கொடுத்தார். சாப்பாடு, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து அடுக்குமாடி ஒன்றின் குடியிருப்போர் சங்கம் கொடுத்தது. வாசலில் ஒரு குளிர்பெட்டி, அதில் வீடுகளில் மிஞ்சியது. தேவாலயம் ஒன்றின் மருந்தகத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் நாவலூர் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் நண்பர்களும் லேப்டாப்போடு வந்து எங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார்கள், வேலை இருந்தால் சொன்னார்கள். அவளை நாங்கள் லேப்டாப் மேடம் என்றோம். நாலு பேருக்கும் நன்கொடை தருகிறவர்களிடம் காட்டக் கணக்கு வேண்டும் என்பதால் நாலு பேரும் அட்டை போட்டுக் கொடுத்தார்கள். நாலும் நாலு நிறம். ஒன்றோடு ஒன்றுக்குச் சம்பந்தமே இல்லை, அதனால் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

மற்றவர்களிடம் ஒன்று இரண்டு அட்டைதான் இருக்கும். சிலருக்கு அடுத்தவர் வீட்டு மிச்சம் இறங்காது. சிலர் மருந்தகத்தில் மாத்திரைக்கு முன்னால் ஜெபம் செய்வார்கள் என்று போக மாட்டார்கள். பக்கத்துப் பாய்க்காரர் கால் இழுப்பதால் மண்டபத்தைவிட்டு எங்கும் போகாமல் ஒரே அட்டையோடு இருந்தார். மனைவி கொண்டு வருவதைச் சாப்பிடுவார். எனக்குக் கூச்சமும் இல்லை, கால்வலியும் இல்லை. நாலு அட்டையும் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான்.

இந்த நிலையில்தான் நாலு அமைப்புகளுக்கும் ஒன்றைப் பற்றி ஒன்று தெரியவந்தது. எப்படி என்று கேட்டால், என்னால்தான். மருந்தக நர்ஸ் அக்கா சாப்பிட்ட பிறகு மாத்திரை போடச் சொன்னபோது, எங்கே சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். அடுத்த மாதமே நாலு பேரும் மண்டபத்து அலுவலறையில் உட்கார்ந்து பேசினார்கள். சேவைகளை இணைத்து ஒரு கூட்டமைப்பு, ஒரே அட்டை, ஒரே சிஸ்டம். பயனாளிகளின் பிரதிநிதியாக என்னையும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள்.

முதல் கூட்டம் முழுக்க பேனரைப் பற்றி. நாலு சின்னங்களில் எது முதலில்? குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. அகர வரிசை என்றார். அகர வரிசையில் அவர் சங்கம்தான் முதலில் வந்தது. மண்டபக்காரர், இடம் யாருடையது என்று மட்டும் கேட்டார். லேப்டாப் மேடம் வட்டமாகப் போடலாம் என்றாள், வட்டத்தில் முதல் இல்லை, கடைசி இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் அக்கா மிக மெதுவாக, “வட்டத்துலயும் மேல ஒண்ணு இருக்குமே” என்றார். மறுபடி அரைமணி நேரம். முடிவில் நாலு பேனர் அடிப்பது, ஒவ்வொன்றிலும் ஒருவர் மேலே, நாலையும் நாலு சுவரில் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. அந்தக் கூட்டமைப்பில் ஒருமனதாக நிறைவேறியது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இரண்டாவது கூட்டத்தில் செயலாளர் ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் உதவி வாங்கிவிட்டால்? இரட்டைப் பயன் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். சிஸ்டம் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். லேப்டாப் மேடம் செய்து முடித்தாள். ஒரு அமைப்பில் மட்டும் வாங்கியிருந்தால் பெயர் பச்சை. இரண்டில் என்றால் மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு. என் பெயரை அடித்துப் பார்த்தார்கள். நான் அந்தத் திரையில் இருந்த ஒரே சிவப்பு.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் ஏதோ திருடிவிட்டதுபோல எழுந்து நின்றேன். பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது: தொடக்க விழாவில் நாலு அமைப்பின் சேவையையும் பெற்ற ஒருவரை மேடையில் காட்ட வேண்டும், அப்படி ஒருவர்தான் இருக்கிறார், அவர் சிவப்பு. மண்டபக்காரர்தான் வழி சொன்னார். “விழா அன்னிக்குப் பச்சையாக்கிடலாம். அதுவரைக்கும் இருக்கட்டும்.” மேடம் என் கணக்கை அப்படியே நிறுத்தி வைத்தாள். அந்த வாரமே குளிர்பெட்டிக்கு அட்டை காட்டினால் திறக்கும் பூட்டு வந்தது. எனக்கு அது திறக்கவில்லை. மருந்தகத்தில் நர்ஸ் அக்கா திரையைப் பார்த்துவிட்டு, சிஸ்டம் விடமாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டார். நாலு பேர் தனித்தனியாக இருந்தபோது நாலு வேளையும் பார்த்துக்கொண்ட என்னை, நாலு பேரும் ஒன்றான பிறகு பாய்க்காரரின் மனைவிதான் பார்த்துக்கொண்டார். கொண்டு வந்த சோற்றில் ஒரு பிடி எனக்கும் தனியாகக் கட்டி வருவார். இதெல்லாம் மூன்று வாரம். அதைவிடப் பெரிய பட்டினியெல்லாம் பார்த்திருக்கிறேன், குறையாகச் சொல்லவில்லை.

விழா நாளை முடிவு செய்ததுதான் அவர்களால் மட்டுமே முடியக்கூடிய காரியம். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டார், சரி, ஆவணி. கணினிக்காரர்களுக்குச் சனிக்கிழமை விண்ணப்ப வேலை, ஞாயிறுதான் ஓய்வு. தேவாலயத்துக்காரர்களுக்கு ஞாயிறு ஆராதனை பத்து மணிக்கு முடியும், அதற்குப் பிறகுதான். செயலாளருக்குப் பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் முடிய வேண்டும். எல்லோருக்கும் நல்ல நாளாக, ஞாயிற்றுக்கிழமையாக, வளர்பிறை முகூர்த்தமாக ஒரு நாள் கிடைத்தது. நல்ல நாள் பிடித்த மகிழ்ச்சியில் எல்லோரும் டீ குடித்தோம். டீயைப் பாதி குடித்துவிட்டு மண்டபக்காரர் டைரியைத் திறந்தார். அவ்வளவு நல்ல நாளில் மண்டபம் காலியாக இருக்குமா? எட்டு மாதம் முன்பே கல்யாணத்துக்குப் போயிருந்தது.

ஆக, வீடில்லாதவர்களுக்கான இணைந்த சேவையின் தொடக்க விழா, வீடில்லாதவர்களுக்கு மண்டபம் கிடையாது என்ற நாளில் அமைந்தது. நாளை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் மண்டபக்காரர் கல்யாண வீட்டாரிடம் பேசி, காலைப் பலகாரப் பந்திக்கும் மதியப் பந்திக்கும் நடுவில் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு மணி நேரம் வாங்கினார். பத்தரையிலிருந்து பதினொன்றரை. அதுவும் ஒரு கூட்டு முயற்சிதான் என்று செயலாளர் சொன்னார்.

இதற்கு நடுவில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. நானே தேடியது. கேளம்பாக்கத்தில் ஒரு நாள் லாரியிலிருந்து டைல்ஸ் இறக்கப் போயிருந்தேன். கோடவுன் உரிமையாளருக்கு நான் பெட்டியைத் தரையில் வைக்கும் விதம் பிடித்திருந்தது; ஒன்றுகூட உடையவில்லை. காவலுக்கு இருப்பவர் ஊருக்குப் போகிறார், அவர் இடத்துக்கு நீ வா என்றார். தேதி சொன்னார். அதே ஞாயிறு. “ஒரு மணிக்குள்ள வந்துடுப்பா. அதுக்கு மேல நான் ஒரு கல்யாணத்துக்குப் போணும், சாவிய யார்கிட்டயாவது குடுத்துட்டுத்தான் போவேன்” என்றார். அறையைத் திறந்து காட்டினார். எட்டுக்கு எட்டு. ஒரு ஜன்னல், ஒரு பல்பு, ஒரு குழாய், ஒரு ஆணி. நான் கதவை மூடித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். அவர் வெளியே நின்று சிரித்தார்.

மண்டபத்தில் நான் யாரிடமும் இடத்தைச் சொல்லவில்லை. கேளம்பாக்கம் பக்கம் ஏதோ வேலை என்று பாய்க்காரரிடம் மட்டும் பட்டும் படாமல் சொன்னேன். சொன்னால் எவனாவது முந்திக்கொள்வான். பாயில் படுத்த எங்களுக்குள் அந்த பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் லேப்டாப் மேடம் வருமானம் உண்டா என்று கேட்டபோது, படித்த பெண்ணிடம் பொய் சொல்லக் கூடாது என்று, கோடவுன் இருக்கும் இடம், உரிமையாளர் போன் நம்பர், தேதி, அறை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடித்துக்கொண்டாள். “காலியிடம்னு உங்க பேர்ல போட்டுட்டேன் அண்ணா. சேஃபா இருக்கும்” என்றாள். மனிதர்களிடம் மறைத்ததை மெஷினிடம் சொன்னேன். அதில் புத்திசாலித்தனம் இருப்பதாகவே அன்று நினைத்தேன்.

விழா அன்று பத்து மணிக்கே போய்விட்டேன். பதினொன்றரைக்கு முடிந்தால் பேருந்து பிடித்து ஒரு மணிக்குள் போய்விடலாம். மேடத்திடம் அதைச் சொன்னேன். கண்டிப்பாக அனுப்பிவிடுவேன் என்றாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். உதவி பெறுவதற்கு முன், பெற்ற பின் என்று இரண்டு படம் வேண்டுமாம். முன் படம் வாசலிலேயே எடுத்துவிட்டார்கள், நான் எந்த மாற்றமும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பின் படத்துக்குப் புதுச் சட்டை வாங்கி வந்திருந்தார்கள். மாற்ற இடம் இல்லை. மணமகன் அறையில் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்து பெண் மேடையில் இருந்ததால் மணமகள் அறையை ஐந்து நிமிஷம் இரவல் கேட்டார்கள். நான் அங்கே பட்டுப்புடவைகளுக்கு நடுவில் சட்டை மாற்றி, பழையதை நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன். என் பின்னாலேயே பெண்ணின் அத்தை வந்து, நகை இருக்கிறது என்று அறையைப் பூட்டிக்கொண்டு சாவியை இடுப்பில் செருகினார்.

சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வர வேண்டியவர், பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தார். அதற்குள் மதியப் பந்திக்கு மேசைகளில் காகிதம் விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாதிரியார் ஜெபித்தார். வரவேற்புரை நாலு, நாலு பேரும் அவரவர் பேனர் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். பரிமாறுகிறவர் இலைக்கட்டோடு வந்து, இவர்களும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான் என்று நினைத்து, முன்வரிசைக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டுப் போனார். செயலாளர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இரட்டைப் பயனின் தீமைகளை விளக்கினார்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று ஐம்பதுக்கு மேடம் என் காதில், “பட்டன் அமுக்கினதும் போய்டலாம் அண்ணா” என்றாள். எமகண்டத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இவர் முன்பு எப்படி இருந்தார் என்று திரையில் காட்டினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு இருந்ததுபோலவே இருந்தேன். பிறகு விருந்தினர் பட்டனை அமுக்கினார்.

திரையில் பூக்கள் கொட்டின. மணி அடிப்பதுபோல ஒரு சத்தம். மேடம் முகம் மலர்ந்து, இப்போதுதான் சிஸ்டம் உயிர் பெற்றது, உயிர் பெற்ற அதே வினாடியில் தானாகவே ஒருவருக்கு வேலை கொடுத்துவிட்டது என்று மைக்கில் சொன்னாள். நாலு சுவர்ப்பக்கமும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். யாரோ ஒருவருக்கு நல்லது நடந்திருக்கிறது, தட்டுவதில் என்ன. பின்பக்கம் நின்றிருந்த எங்கள் பாய்க்காரர்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு தன்னார்வலர் யாரையோ கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. மணமகள் அறைக்கு ஓடினேன். அத்தை பந்தியில் உட்கார்ந்துவிட்டார். சாவி வேண்டும் என்றதற்கு என்னை மேலும் கீழும் பார்த்து, சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்றார். கோடவுன்காரரிடம் போனில் சொல்லலாம் என்றால், என் போனுக்கு அழைப்புகள் வரும், நான் கூப்பிட அதில் பணம் போடவில்லை. சட்டையை விட்டுவிட்டு நடந்தேன்.

இப்படித்தான் வண்டலூரைத் தாண்டிய அந்தச் சாலையில் இருந்தேன். எம்-சாண்ட் மணல் ஏற்றிய லாரி ஒன்று கை காட்டியதும் நின்றது. டிரைவர் பொன்னாடையைப் பார்த்துவிட்டு, “இன்னா மாப்ள, தாலி கட்டிட்டு ஓடியாரியா, கட்டாம ஓடியாரியா?” என்றார்.

கட்டவில்லை என்றேன்.

“தப்ச்ச. ஏறு.”

வழியெல்லாம் அவருக்குக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. நான் கேட்டுக்கொண்டு வந்தேன். மாம்பாக்கம் தாண்டியதும் மணி பார்த்தேன். ஒன்றாகப் பத்து நிமிஷம். கேளம்பாக்கம் சந்திப்புக்கு முன்னால் முகூர்த்த நெரிசல், கார்கள் நகரவில்லை. இறங்கி ஓடினேன். கோடவுன் வாசலில் உரிமையாளர் பட்டுச் சட்டையோடு காரில் ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தார். மணி ஒன்றாகி நாலைந்து நிமிஷம்தான்.

அவர் என்னைப் பார்த்துக் குழம்பினார். “நீ வரலன்னு ஆள் அனுப்பிட்டியேப்பா” என்றார். நான் யாரையும் அனுப்பவில்லை என்றேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். உங்கள் காலியிடம் நிரப்பப்பட்டது, வாழ்த்துகள், என்று வந்திருந்தது. அதன் கீழே வட்டமாக நாலு சின்னம். அரைமணி நேரம் முன்பே ஆட்டோவில் ஒருவரைக் கொண்டுவந்து விட்டுப் போனார்களாம், பொறுப்பான பிள்ளைகள் என்றார். “ரெண்டு ஆள் எனக்கு வேணாமே. நீங்களே பேசி யாராவது ஒருத்தர் இருங்க” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். கல்யாணத்துக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் காலை இழுத்துக்கொண்டு என் பக்கத்துப் பாய்க்காரர் வந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். பொன்னாடையை விட்டு என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது போயிற்று.

“இது உன்துதா?” என்றார்.

நான் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தேன்.

“சத்தியமா தெரியாது மச்சான். போன் கையில குடுத்து, உனக்கு வேல வந்துகீது, ஒடனே ஏறுன்னு ஆட்டோல தள்ளிட்டாங்கோ. நீ கேளம்பாக்கம் பக்கம்னுதான சொன்ன. டைல்ஸு கோடவுன்னு ஒரு வார்த்த சொல்லலியே.”

சொல்லவில்லைதான். அவரும் முந்திக்கொள்ளக் கூடியவர்களில் ஒருவர் என்றுதான் சொல்லவில்லை. அவர் பச்சை. ஒரே அட்டை, ஒரே உதவி, ஒரு குற்றமும் இல்லாத மனிதர். என் பெயரில் இருந்த காலியிடத்தை, நான் நிறுத்தி வைக்கப்பட்டவன் என்பதால், சிஸ்டம் வரிசையில் முதல் பச்சைக்குக் கொடுத்திருந்தது. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு தவறும் இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். “புட்ச்சிக்கோ. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“வூட்டுல சொல்லிட்டியா?”

“சொன்னேன். மூட்டையக் கட்டிகினு பஸ் ஏறிட்டா.”

சாவி அவர் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவர் அதற்குள் தரையைத் துடைத்து, ஆணியில் துண்டை மாட்டியிருந்தார். நான் வாங்கியிருந்தால் அவர் ஒரு வார்த்தை பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார். அது எனக்குத் தெரியும். மூன்று வாரம் அந்தப் பெண் கட்டிக்கொடுத்த சோற்றை நினைத்துத்தான் விட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பாதி அதுதான். மீதி, அந்த அம்மா மூட்டையோடு வந்து இறங்கும்போது அங்கே சாவியோடு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

“வெச்சிக்கோ. எனக்கு ஒரே எடத்துல ஒரு வருசம் தாங்காது, உனக்கே தெரியும்” என்றேன்.

அவர் நம்பினார். என்னைப் பற்றி அதுவரை அது உண்மையாகத்தான் இருந்தது. அன்று மட்டும் உண்மையில்லை. வண்டலூரிலிருந்து நடந்தபோது அந்தத் தாழ்ப்பாளை மனதுக்குள் பத்து முறையாவது போட்டுத் திறந்திருப்பேன்.

மூன்று மணிக்கு அவருடைய மனைவி வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூட்டையோடு அறைக்குள் போனார். கதவை மூடினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நானும் அவர் புருஷனும் வெளியே டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷம் இருக்கும். நாங்கள் கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. பிறகு அவரே திறந்து, டீ போடச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். பொன்னாடையை அவரிடம் கொடுத்தேன். பல்புக்கு நேராக இருந்த ஜன்னலில் அதைக் கட்டினார்.

மாலையில் லேப்டாப் மேடம் போன் செய்தாள். சட்டை பத்திரமாக இருக்கிறது என்றாள். பிறகு வாழ்த்துச் சொன்னாள். எதற்கு என்றேன்.

“சிஸ்டம்ல உங்களுக்கும் வேலை கிடைச்சதா காட்டுது அண்ணா. காலியிடம் உங்க பேர்லதான இருந்துச்சு, நிரம்பினதும் உங்களையும் பச்சையாக்கிடுச்சு.”

ஒரு காலியிடத்தில் இரண்டு பேருக்கு வேலை. முதல் நாளே இரண்டு. செயலாளர் அறிக்கையில் போட்டாயிற்றாம். எனக்கு வேலை கிடைக்கவில்லை, மண்டபத்துக்குத் திரும்பி வரலாமா என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள், குரலில் தெரிந்தது. வேலை கிடைத்தவருக்குப் படுக்கை, சாப்பாடு, மருந்து மூன்றும் தானாகவே நின்றுவிடும் என்றாள். திரும்பத் தொடங்க நாலு அமைப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த கூட்டம் புரட்டாசி முடிந்து ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்து வைப்பார்கள். “அதுக்குள்ள வேற ஏதாவது கிடைச்சா சொல்லுங்க அண்ணா, போட்டுக்கறேன்” என்றாள்.

சொல்கிறேன் என்றேன்.

அன்று கோடவுனின் இறக்குமேடையில் அட்டைப்பெட்டி விரித்துப் படுத்தேன். காலையில் பாய்க்காரர் எழுவதற்கு முன்பே கிளம்பி, கேளம்பாக்கம் சந்திப்பில் கூலி ஆட்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். கொத்தனார்கள் கரண்டியோடு ஒரு பக்கம், பெயிண்டர்கள் ஒரு பக்கம். என்னைப்போலக் கையில் ஒன்றுமில்லாதவர்கள் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி. ஏழு மணிக்கு ஒரு மேஸ்திரி ஸ்கூட்டரில் வந்து எங்கள் வரிசையைப் பார்த்தார். என் புதுச் சட்டை அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“சம்புக்குள்ள எறங்குவியா? பயம் கியம் கீதா?”

“எறங்குவேன்.”

“முன்ன செஞ்சிகிறியா?”

செய்ததில்லை. செய்திருக்கிறேன் என்றேன். சட்டையைக் கழற்றி வரச் சொன்னார்.

நாவலூரில் ஓர் அடுக்குமாடியின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. மூன்று பேர் வேலை. ஒருவர் மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினார், ஒருவர் மேலே நின்று கயிற்றில் வாளி இறக்கினார், நான் உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளினேன். மற்ற இருவரும் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வாளி நிறைந்ததும் கயிற்றை இரண்டு முறை ஆட்ட வேண்டும், மேலே போய்விடும். சேறு முழங்கால் அளவு இருந்தது. பதினொரு மணிக்கு டீ வரும் என்று மேலேயிருந்து சொன்னார்கள்.